எட்டயபுரத்துச் சோறும் அமெரிக்கக் கோதுமையும்

வெளிநாட்டு உதவி வாங்கினா நாடு முன்னேறுமா, கைகட்டி நிக்கணுமா? இந்தச் சண்டை அடிக்கடி டைம்லைன்ல ஓடுது. எங்க கரிசல் பக்கத்துல தொடங்கின ஒரு கதை சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

1956. பாரதி பிறந்த எட்டயபுரம். காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இங்கேதான். (1920-லேயே பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் சோறு போட்டது தனிக்கதை.)

இது மானாவாரி பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி. பொய்த்தால் கூலி வேலையும் கிடையாது. பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் தீப்பெட்டி ஒட்டினால் வீட்டுக்கு நாலு காசு வரும். அந்தக் காசோடு மதியச் சோறு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. டாக்டரா ஒண்ணு சொல்றேன்: பட்டினியா வந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறலன்னா முதல்ல வயித்தைத்தான் பார்க்கணும்.

சோற்றுக்குக் காசு? அரசு மானியம் ஒரு பங்கு, ஊர்க்காரர்கள் பங்கு மிச்சம். அப்போதைய கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைச் சேர்த்தார். முதல் உலை நம்ம அரிசியில் கொதித்தது. இதை மனசுல வச்சுக்கோங்க.

1961-ல்தான் அமெரிக்காவின் ‘கேர்’ நிறுவனம் கைகொடுத்தது. பால் பவுடர், எண்ணெய், கோதுமை எல்லாம் கப்பலில் வந்தன. அறுபது வயது தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்க, கோதுமை உப்புமா வாசனையை இன்னும் சொல்வாங்க. பால் பவுடர் சில பிள்ளைகளுக்கு வயித்தைக் கலக்கியிருக்கும். வயசு ஏற ஏறப் பால் சர்க்கரையைச் செரிக்கிற நொதி நம்மில் பலருக்குக் குறையும்.

அமெரிக்காவுக்கு இது வெறும் தர்மம் இல்லை. அவங்க விவசாயிகளிடம் தானியம் மிஞ்சிக் கிடந்தது. அதைக் கடல் தாண்டி அனுப்பத்தான் 1954-ல் பி.எல். 480 சட்டம் போட்டாங்க. அதே சட்டத்தில் டெல்லிக்கு வந்த கோதுமையை 1965-67 வறட்சியில் அதிபர் ஜான்சன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார். விவசாயக் கொள்கையை மாத்துன்னு ஒரு பக்கம், வியட்நாம் போரை இந்தியா விமர்சிக்குதேன்னு கோபம் இன்னொரு பக்கம். கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலைமை எவ்வளவு கேவலம்னு அப்போ புரிஞ்சது.

அதுக்காக கேர் உதவியைத் திட்ட எனக்கு மனசு வரல. பசிச்ச பிள்ளைக்கு அந்த உப்புமா உண்மையான சாப்பாடு. நம்ம அதிர்ஷ்டம், அது ஏற்கனவே எரிஞ்சிட்டிருந்த அடுப்புக்கு வந்த விறகு. அடுப்பு நம்மது, சமைக்கிறவங்க நம்மவங்க. எங்கே போடணும்னு முடிவெடுத்ததும் நம்மவங்க.

1980-ல் உலக வங்கிக் கடனில் இங்கே இன்னொரு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, வளர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டும் சத்துணவு. மருத்துவமா நல்ல யோசனை, ஒளிவுமறைவில்லாமச் சொல்றேன். ஆனா 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். வேற வழி போனார்: 2 முதல் 9 வயது வரை சத்துணவு, மாநில அரசின் பணத்தில். வீண் செலவுன்னு பலர் சிரிச்சாங்க.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநில அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவே போடணும்னு உத்தரவிட்டது. அதுக்குள்ள இங்கே முட்டையே வந்து பல வருஷம் ஆகிடுச்சு.

உங்க வீட்டுல யாராவது அந்தக் கோதுமை உப்புமா சாப்பிட்டிருந்தா கீழே எழுதுங்க. எந்த ஊர், எந்த வருஷம்னு சேர்த்துச் சொல்லுங்க.