ராமர் வேஷத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு

அமெரிக்காவில் 'சவுத் பார்க்' என்று ஒரு கார்ட்டூன் தொடர் வருகிறது. நம் வகுப்பில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். எந்த மதத்தையும் விட்டு வைக்காத தொடர் அது. 2010 ஏப்ரலில் வந்த அதன் 201-வது எபிசோடில், முகம்மது நபியின் பெயர் வரும் இடங்களையெல்லாம் சேனலே 'பீப்' போட்டு மறைத்தது. மிரட்டலுக்குப் பணிவதைப் பற்றிக் கடைசியில் வரும் பேச்சுக்கும் அதே 'பீப்'தான் :-) இந்தக் கதையைச் சொன்னால் உடனே யாராவது "நம்ம நாட்டில் சாமியைக் கிண்டல் செய்து ஒரு நிகழ்ச்சியா? நினைத்துக்கூடப் பார்க்க முடியாது" என்பார்கள். நினைத்துப் பார்ப்பானேன்? தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நடந்திருக்கிறது. கார்ட்டூன் இல்லை, நாடகம். அதுவும் ஒரு தடவை இல்லை.

முதல் கதை அரண்மனையில். தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட மராட்டிய மன்னர் ஷாஜி ஒரு நாடகாசிரியரும்கூட. மராட்டியர் என்றாலும் நாயக்கர் கால வழக்கப்படி தெலுங்கில் நிறைய எழுதினார். அவற்றில் ஒன்று 'சதி தான சூரமு'. பெயருக்கு அர்த்தம், மனைவியைத் தானம் கொடுப்பதில் சூரன். மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் திருவிழாவுக்கு வரும் ஒரு பிராமணப் பண்டிதர், அங்கே தீண்டப்படாத சாதிப் பெண் ஒருத்தியைப் பார்த்து மயங்கி விடுகிறார். கூட இருக்கும் சீடன் சாஸ்திரம் சொல்லித் தடுக்கிறான். குரு கேட்பதாக இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் புருஷனிடமே போய் அவளைத் தானமாகக் கேட்கிறார்! தானம் வாங்குவது பிராமணரின் உரிமை என்ற நம்பிக்கையை அப்படியே கவிழ்த்துப் போட்டால் வரும் சிரிப்பு இது. (ஒரு பெண்ணைப் பண்டம் மாதிரி கைமாற்றுவதை வேடிக்கையாக்கியது இன்றைக்குப் படித்தால் கசக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இதே ஷாஜிதான் 1693-இல் கும்பகோணம் பக்கத்துத் திருவிசைநல்லூரைப் பண்டிதர்களுக்கு ஊரோடு தானமாகக் கொடுத்து 'ஷாஜிராஜபுரம்' என்று பெயர் வைத்தவர். நிலம் கொடுத்த ராஜாவே கிண்டல் செய்தால் யார் கோபித்துக்கொள்ள முடியும்?

19-ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் கதையைக் கீர்த்தனையாகப் பாடினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு ஆளை அதில் நுழைத்தார். பண்ணையாரான வேதியர்! சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனிடம், முதலில் நாற்பது வேலி நிலத்து வேலையை முடி என்கிறார். டெல்டாவில் பக்திக்கும் நெல்லுக்கும் இருந்த உறவை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஜனங்கள் உருகிக் கேட்டார்கள். நந்தன் பக்தன், அதனால் தப்பித்தார் பாரதியார்.

இப்போது 1954-க்கு வருவோம். அந்த ஏப்ரலில் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டார், காமராஜர் வந்தார். ராஜாஜி 'கல்கி'யில் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுத ஆரம்பித்தார். வீட்டுக்கு வீடு படித்த ராமாயணம் அது. அதே வருடம் எம்.ஆர். ராதா இன்னொரு ராமாயணத்தை மேடையேற்றினார். குடிக்கிற ராமர், கறி தின்கிற ராமர். ஜனங்கள் அதைக் 'கீமாயணம்' என்றும் சொன்னார்கள். எல்லாம் வால்மீகியில் இருப்பதுதான் என்பது ராதாவின் வாதம். மனசு புண்படும் என்று நினைக்கிறவர்கள் வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டு விடுவார். விளம்பரம் எப்படி என்றால், அதைப் படித்த பிறகு வராமல் இருக்க முடியாது :-)

ராதா பக்கம் மட்டும் பேசினால் நியாயம் இல்லை. கும்பகோணம் எப்பேர்ப்பட்ட ஊர்? அங்கே ராமசாமி கோயில் பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம் சித்திரமாக இருக்கிறது. அதைக் கட்டிய ரகுநாத நாயக்கர் தானே ஒரு ராமாயணம் எழுதியவர். தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளா நாடகம் இன்றைக்கும் நரசிம்மர் சன்னதிக்கு எதிரில்தான் நடக்கிறது. நாடகம் என்றாலே பூஜை மாதிரி என்று வளர்ந்தவர்களுக்கு ராதாவின் ராமர் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வலி நிஜம்தான். கேள்வி, அந்த வலிக்குப் போலீஸ் மருந்தா என்பது.

கும்பகோணத்தில் ராதாவைக் கைது செய்ய வந்தபோது, வேஷத்தைக் கலைக்கச் சொன்னார்களாம். அவர் மறுத்துவிட்டு ராமர் வேஷத்திலேயே வீதியில் நடந்து ஸ்டேஷனுக்குப் போனார் என்று இன்றும் சொல்கிறார்கள். கையில் கள் மொந்தை இருந்தது என்பார்கள் சிலர், சிகரெட் என்பார்கள் சிலர். சொல்லச் சொல்ல வளர்கிற கதை.

வளராத கதை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1954-ஆம் வருடத்து 33-ஆம் எண் சட்டம், சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம். வெள்ளைக்காரன் 1876-இல் போட்ட நாடகச் சட்டத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வகுப்பாரின் மத உணர்ச்சியைப் புண்படுத்தும் நாடகம் 'ஆட்சேபகரமானது'. ஆட்சேபகரமா இல்லையா என்று தீர்மானிப்பது அதிகாரிகள். பிரதியை முன்கூட்டியே கேட்கலாம், தடை போடலாம். 1956-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்தப் பழைய 1876 சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை இப்டா குழு லக்னோவில் நாடகமாகப் போட்டதில் வந்த வழக்கு. நம் ஊர்த் தம்பிக்கோ ஒன்றும் ஆகவில்லை.

எனக்குப் புரியாத இடம் இதுதான். 1967-இல் ஆட்சிக்கு வந்தவர்கள் யார்? நாடகம் போட்டே வளர்ந்த கட்சி. அண்ணா நாடகாசிரியர், நடிகர். திருக்குவளைக்காரரான கருணாநிதி ராதாவுக்கே 'தூக்குமேடை' எழுதிக் கொடுத்தவர், ஐந்து முறை முதல்வர். பிறகு வந்த எம்.ஜி.ஆரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தான். யாரும் அந்தச் சட்டத்தை எடுக்கவில்லை. கையில் கிடைத்த சாட்டையைக் கீழே போட யாருக்கு மனசு வரும்?

கடைசியில் 'பரீக்ஷா' குழுவின் ஞாநி வழக்குப் போட்டார். 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. சட்டம் வந்து 59 வருடம். ராதா இறந்தே (1979) 34 வருடம் ஆகியிருந்தது.

அந்த ராமாயண நாடகம் சினிமாவாகவில்லை. திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக் கண்ணீர்' நாடகம் மட்டும் அதே 1954-இல் படமாக வந்தது, நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். மேடையில் அந்த ராமர் எப்படிப் பேசியிருப்பார் என்று அதில் ராதாவின் குரலைக் கேட்டு ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.