சேரிப் பள்ளியும் பெற்றோரும் – ஒரு வரலாற்று நோக்கு

தொடக்கப் பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், கட்டடம் எழுந்த ஆண்டையும் சேர்ந்த மாணவர் தொகையையும் கணக்கிட்டுக் கூறுவர். பள்ளி தன் பிள்ளைகளின் வீட்டாருக்கு எதைத் தெரிவித்தது, யார் வாயிலாகத் தெரிவித்தது, பிள்ளைகள் ஒருவரோடொருவர் கூடி வாழ எவ்வாறு பயிற்றப்பட்டனர் என்பனவற்றை எழுதுவோர் மிகச் சிலரே. நம் மக்களைப் பொறுத்தவரை இவைதாம் தலையாய செய்திகள். எழுத்தறிந்த வீட்டிற்கு ஒரு சீட்டு அனுப்பினால் போதும். எழுத்தறியாத வீட்டிற்கு ஆள் செல்ல வேண்டும். அந்த ஆள் சேரித் தெருவிற்குள் கால் வைக்க மனமுள்ளவராகவும் இருத்தல் வேண்டும். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் இவ்வரலாற்றைச் சிறிது விரித்துரைக்க விழைகின்றேன்.

1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். பஞ்சமி நிலங்களுக்கு வழி வகுத்தது அது என்பதை யாவரும் அறிவர். அதனையடுத்து 1893-இல் கல்வி குறித்தும் ஓர் அரசாணை பிறந்தது. இதனைப் பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் எனக் கூறுவாரும் உளர். பள்ளிகளுக்குச் சிறப்பு உதவித் தொகை, நம்மவரிலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றல் முதலியன அதனுள் இடம்பெற்றன. ஆயினும் அவ்வாணை சேரிக்கு வந்து சேரவில்லை. அதனைப் படித்துச் சொல்ல வேண்டிய கணக்குப்பிள்ளைக்கும் மணியக்காரருக்கும் அதில் நாட்டமில்லை; சொன்னால் பண்ணையில் மாடு மேய்க்கச் சிறுவர் கிடையார் என்பதே காரணம். செய்தியை மறைப்பதற்குத் தனியே ஒரு சூழ்ச்சி தேவைப்படவில்லை. வாளாவிருந்தாலே போதுமானதாக இருந்தது.

இந்நிலையில் அயோத்திதாசப் பண்டிதர் முதலான நம் பெரியோர் கர்னல் ஆல்காட்டின் உதவியை நாடினர். 1894-இல் அடையாற்றின் அருகே ஆல்காட்டின் முதல் இலவசப் பள்ளி தோன்றியது. பின்னர்த் தாமோதர் பள்ளி, திருவள்ளுவர் பள்ளி என்று சென்னை நகரின் பிற பகுதிகளிலும் பள்ளிகள் எழுந்தன. அவற்றில் நடந்த கல்வி முறையே நம் பொருளுக்கு இன்றியமையாதது. அங்கு மேற்பார்வையாளராயிருந்த அமெரிக்கப் பெண்மணிகள் கிண்டர்கார்டன் எனப்படும் குழந்தைக் கல்வி முறையைப் புகுத்தினர். அவருள் ஒருவரான கோர்ட்ரைட் அம்மையார், தாம் கற்பித்த முறையை விளக்கி 1906-இல் ஒரு சிறு நூலே எழுதினார்.

இம்முறையின் புதுமையை உணர வேண்டுமாயின் திண்ணைப் பள்ளியை நினைவுகூர்தல் வேண்டும். திண்ணைப் பள்ளியில் மாணவன் ஒவ்வொருவனும் தன் பாடத்தைத் தானே உருப்போட்டுத் தனியே ஆசிரியரிடம் ஒப்பித்தான். அவர்களுக்கு மேல் ஒரு சட்டாம்பிள்ளை, அவன் கையில் ஒரு பிரம்பு. ஒருவன் அடிபடும்போது ஏனையோர் தலை தப்பியது என எண்ணி மகிழ்வர். கிண்டர்கார்டன் முறையிலோ பிள்ளைகள் வட்டமாக நின்றனர், கை கோத்தனர், சேர்ந்து பாடினர், களிமண்ணும் தாளும் கொண்டு கூட்டாகப் பொருள்கள் செய்தனர். வட்டத்தில் முதலிடம், கடையிடம் என்பதில்லை. பிறரால் தொடலாகாதென ஒதுக்கப்பட்ட குழந்தைக்கு, பிறர் கையைப் பற்றி நிற்பதே ஒரு பாடமன்றோ? இன்றைய ஆசிரியர் பயிற்சியில் செயல்வழிக் கற்றல் என்று நமக்குப் போதிக்கப்படுவதன் ஒரு வேர், நூறாண்டுகளுக்கு முன் பஞ்சமர் பள்ளியில் ஊன்றியது என்பதை நம் ஆசிரிய நண்பர்கள் பலர் அறியார்.

பெருந்தலைவர் எம். சி. ராஜா அவர்களும் பள்ளி ஆசிரியராகவே வாழ்வைத் தொடங்கியவர். சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணிகளைப் புகழ்வோர், ரெங்கநாயகி அம்மையாருடன் இணைந்து மழலையர்க்கான பாடல்களையும் கிண்டர்கார்டன் முறையையும் குறித்து நூல் வெளியிட்டதை ஏனோ விட்டுவிடுகின்றனர். அரசியலுக்கு நாம் தரும் மதிப்பில் பாதியைக்கூட ஆசிரியத் தொழிலுக்குத் தருவதில்லை என்பது என் கருத்து. தென்னாற்காட்டில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விப் பணியைத் தொடங்கினார். ஒரு சில மாணவர்களுடன் தொடங்கிய அப்பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிப் படித்த இடம் அது.

1919-இல், எல்லாச் சாதியாரும் அணுகக்கூடிய இடங்களிலேயே பொதுப் பள்ளிகள் அமைய வேண்டும் என அரசு வற்புறுத்தியது. அக்கிரகாரத்திலும் கோயிற் சாவடியிலும் நடந்த பள்ளியில் நம் பிள்ளை எவ்வாறு நுழைவது? ஆணை வந்தும் பெரும்பாலான ஊர்களில் நிலைமை மாறாமையால், தொழிலாளர் நலத்துறை தனிப் பள்ளிகளைத் திறக்க வேண்டியதாயிற்று. நம் முதியோர் நாவில் இன்றும் வழங்கும் ‘லேபர் ஸ்கூல்’ இதுவே. 1949-இல் இப்பணி அரிசன நலத்துறையின் கீழ் வந்தது. அதன் வழித்தோன்றலே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

இத்துறையின் பணியில் ஒரு கூறு சிறப்பாக நோக்கத்தக்கது. பள்ளி நடத்திய அதே துறை, குடிநீர்க் கிணறு வெட்டியது. வீட்டுமனை பெற்றுத் தந்தது. கூட்டுறவுச் சங்கங்களையும் அமைத்தது. இந்தியக் கூட்டுறவு இயக்கத்தில் 1904-இல் முதலில் பதிவான கடன் சங்கம் நம் செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் தோன்றியது என்பது பெருமைக்குரியது. ஆனால் நிலமும் பிணையும் உள்ளவர்க்கே பெரிதும் பயன்பட்ட இயக்கம், நிலமற்ற நம்மவரிடம் வந்தபோது வேறு வடிவம் கொண்டது. தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாரின் மனையில் குடியிருந்தோர், எந்நேரமும் வெளியேற்றப்படும் அச்சத்தில் வாழ்ந்தனர். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து, மனையின் விலையைத் தவணையாகச் செலுத்தி உரிமை பெற வழி செய்யப்பட்டது. ஒருவர் தவணை தவறினால் அச்சுமை சங்கத்தைச் சாரும். கூட்டுறவு என்னும் சொல்லின் பொருளை நம் பாட்டன்மார் ஏட்டிலன்று, இத்தவணையில் கற்றனர்.

ஆயின் சங்கத்துக் கணக்கைப் படிப்பவர் யார்? லேபர் ஸ்கூல் வாத்தியாரே பெரும்பாலும் அதைப் படித்துக் காட்டினார் எனவும், மனு எழுதியவரும், தபாலில் வந்த கடிதத்தைப் படித்தவரும் அவரே எனவும் எங்கள் பகுதி முதியோர் கூறக் கேட்டிருக்கின்றேன். மாலையில் திண்ணையில் அமர்ந்து மனு எழுதும் வாத்தியாரிடம், “எம்பய எப்பிடிப் படிக்கிறான்?” என்று தந்தை கேட்பார். பெற்றோர் கூட்டம் என்னும் பெயரே அறியாத காலத்தில் நடந்த பெற்றோர் கூட்டம் அது. நான்கைந்து ஆண்டுகளில், வாத்தியாரின் இடத்தில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் அமர்ந்து தவணைச் சீட்டைத் தன் தந்தைக்குப் படித்துக் காட்டத் தொடங்கினான். பிற்காலத்தில் பள்ளிகளில் நடந்த மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் இவ்வகையில் நல்ல பயிற்சியளித்தன. பலப்பமும் காகிதமும் விற்று, வரவு செலவு எழுதி, ஆண்டிறுதியில் இலாபத்தைப் பங்கிட்ட சிறுவனை எந்தக் கடைக்காரனும் எளிதில் ஏமாற்ற முடியாது. அவை மறைந்தொழிந்தது வருந்தத்தக்கது.

வீட்டாரைக் கேளாமல் செய்யப்படும் கல்வித் திட்டம் என்னவாகும் என்பதற்கு 1953 சான்று. அவ்வாண்டு இராஜாஜி அவர்களின் ஆட்சியில், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தந்தையின் தொழிலையோ பிற கைத்தொழிலையோ பழக வேண்டும் என்பது திட்டம். சட்டமன்றத்தைக்கூட முன்னதாகக் கலந்தாராயவில்லை. பெற்றோரைக் கேட்பது எங்ஙனம்? நம் வீடுகளில் தந்தையின் தொழில் என்பது பிறர் வயலில் கூலி, செத்த மாட்டை அகற்றல், பறையடித்தல். அத்தொழிலினின்று மகன் தப்ப வேண்டும் என்பதற்காகவே அவனைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்க்கு, அரை நாள் கழித்து அவன் வீடு திரும்பிய பிறகே செய்தி தெரிந்தது. குலக்கல்வித் திட்டம் எனப் பெயர் பெற்ற அது எதிர்ப்பலையில் சிக்கி, 1954-இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது.

காமராசர் காலத்தில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டினார். 1958-இல் கடம்பத்தூரில் முதல் மாநாடு நடைபெற்றது. பள்ளிக்கு என்ன குறை என்பதைப் பட்டியலிட்டு ஊராருக்கு வெளிப்படையாக அறிவிப்பதே அதன் அடிப்படை. மணி, கடிகாரம், கரும்பலகை, பெஞ்சு என ஊரார் இயன்றதைத் தந்தனர். எனினும் வசதி படைத்த ஊரின் பள்ளி வளம் பெற்றது. சேரிப் பள்ளிக்குத் தர அங்கு யாரிடம் என்ன இருந்தது? வழங்குவோர் பெயர் பொறிக்கப்பட்ட நாற்காலிகளில் நம்மவர் பெயரைத் தேடினால் அரிதாகவே கிடைக்கும். உடலுழைப்பாக நம்மவர் தந்தது எந்த நாற்காலியிலும் பொறிக்கப்படவில்லை.

கூடி வாழும் பயிற்சியில் உணவுக்கு நிகரான பாடம் பிறிதில்லை. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தலைக்கு ஓரணாச் செலவில் நண்பகல் உணவு அளித்தது. 1956-இல் காமராசரின் மதிய உணவுத் திட்டம், 1982 சூலைத் திங்களில் எம். ஜி. ஆரின் சத்துணவுத் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என அது வளர்ந்தது. பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்தினால் அவர்கள் எவ்விதத் தயக்கமுமின்றி உண்பர். என் முப்பதாண்டுப் பணியில் தானாக வரிசையை விட்டு எழுந்த குழந்தையை நான் கண்டதில்லை. பெற்றோர் சொல்லி எழுந்த குழந்தையைக் கண்டிருக்கின்றேன். சமைப்பவர் நம் சமூகத்துப் பெண் என்பதால் பிள்ளைகளை உண்ணாமல் தடுத்த ஊர்கள் அண்மை ஆண்டுகளிலும் செய்திகளில் வந்தன. அதிகாரிகள் சென்று உடனமர்ந்து உண்டனர். நல்லதே. ஆனால் அதிகாரி மறுநாள் வரமாட்டார். அச்சமையலர் மறுநாளும் அடுப்பு மூட்ட வேண்டும். ஆகவே இணங்கி வாழும் பாடத்தில் மாணவரினும் பெற்றோரே பின்தங்கியோர் எனத் துணிந்து கூறுவேன்.

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டுமென விதித்தது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினர்க்கு உரிய பங்கும் உண்டு. 1893 ஆணையில் இல்லாத ஒன்று இதில் உள்ளது. செய்தி வந்து சேரும்வரை பெற்றோர் காத்திராமல், தாமே ஏட்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஆயினும் பல ஆண்டுகள் இக்குழு கையெழுத்தளவிலேயே இருந்தது. கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு. அப்பொழுது நம் தாய்மார் நடவிலோ களையெடுப்பிலோ இருப்பர். வர வேண்டுமானால் ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். பின்பு ஏடு வீட்டிற்கு வரும், கைநாட்டு விழும். நாட்டம் இல்லாத பெற்றோர் என்று அவர்களைப் பழிப்பவர்கள், கூட்டத்தின் நேரத்தைக் குறித்தவர் யார் என்பதைக் கேட்பதில்லை.

இன்று வாட்ஸ்அப் வந்துவிட்டது. ஒரு நொடியில் செய்தி போய்விடுகிறது என்பர். யாரிடம் போகிறது? செல்பேசி தந்தையின் கையில், தந்தையோ திருப்பூரில். உதவித் தொகைக்குச் சாதிச் சான்றும் வங்கிக் கணக்கும் கேட்டு அனுப்பிய செய்தி அங்கே கிடக்க, தாய் இங்கே அறியாமல் இருப்பாள். எங்கள் பள்ளியில் நாங்கள் கண்ட வழி பழையதே. ஊரக வேலைத் திட்டப் பணி நடந்த ஏரிக்கரைக்கு இடைவேளையில் ஆசிரியர் ஒருவர் சென்று, செய்தியை இருமுறை உரக்கப் படித்துவிட்டு வருவார். முதன்முறை சென்ற ஆண்டில் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றுகூட விடுபடவில்லை.

2022-இல் குழுக்கள் மாநிலமெங்கும் புதிதாக அமைக்கப்பட்டபோது, தலைவர் பொறுப்பு பெண் பெற்றோர்க்கு வந்தது. எங்கள் பள்ளிக் குழுவின் தலைவராகக் காலனியைச் சேர்ந்த ஒரு விவசாயக் கூலிப் பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதற் கூட்டத்தில் அவர் நாற்காலியில் அமராமல் நின்றுகொண்டே இருந்தார். ஊர்த் தரப்பு உறுப்பினர் சிலரும் அதையே விரும்பினர். நான் எதுவும் கூறுவதற்குள், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவர் பின்னால் வைத்துவிட்டுப் போனாள். அவள் ஊர்த் தெருப் பிள்ளை. தலைவர் அமர்ந்தார். தீர்மான ஏட்டை முழுவதும் படித்துக் காட்டுமாறு கேட்டார். அதன் பின்னர் அவர் முன்மொழிந்த முதல் தீர்மானம், கூட்டத்தை மாலை ஆறரை மணிக்கு மாற்ற வேண்டும் என்பது. அது நிறைவேறி, இன்றுவரை அந்நேரத்திலேயே கூட்டம் நடைபெற்று வருகின்றது.