கொட்டிவாக்கம் கரையில் தீர்ந்த ஃபிலிம் சுருள்

சென்ற வாரம் பழைய அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, 1998ஆம் ஆண்டில் எடுத்த ஃபிலிம் சுருள் ஒன்றின் படங்கள் அகப்பட்டன. முப்பத்தாறில் முப்பது, உறவினர் திருமணத்தில் எடுத்தவை. சுருள் தீர்ந்தால்தான் கழுவக் கொடுக்க முடியும் என்பதால், எஞ்சியவற்றை ஒரு காலையில் கொட்டிவாக்கம் கடற்கரையில் ‘வீணடித்திருந்தேன்’. கடலிலிருந்து திரும்பிய கட்டுமரத்தின் கட்டைகளை அவிழ்த்து வெயிலில் உலரப் போட்டிருந்தார்கள். ஈரக் கயிற்றின் சுருள், கட்டைகளின் மேல் பூத்திருந்த உப்பு, ஓரத்தில் ஒரு காகம். அவ்வளவே. திருமணப் படங்களை ஒருமுறை புரட்டி மூடிவிட்டேன். கட்டைகளின் படத்தை மட்டும் நெடுநேரம் கீழே வைக்க மனம் வரவில்லை.

எவை படமெடுக்கத் தக்கவை என்னும் எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் அது கோயில்களிலிருந்து தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரியான லினேயஸ் ட்ரைப், தம் ஆர்வத்தால் படக்கலையைக் கற்றவர்; 1856இல் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857-58இல் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் அவர் எடுத்த படங்கள் இன்றும் வியக்க வைப்பவை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டி, நீண்ட சுருளாகவே ஆக்கினார். ஆனால் அப்படங்களில் மனித நடமாட்டம் மிகக் குறைவு. காகித நெகட்டிவில் ஒளி பதியும்வரை அசையாது நிற்கக் கூடியது கல் மட்டுமே. நடந்து செல்பவர் படத்தில் தங்குவதில்லை. தெருவில் கூடை சுமந்து போனவளை அக்கருவியால் காண இயலவில்லை. எதை ஆவணமாக்க வேண்டும் என்று தீர்மானித்த அரசுக்கும் அவளைக் காணும் தேவை இருக்கவில்லை.

1888இல் ஈஸ்ட்மனின் கோடக் கேமராவும், 1900இல் ஒரு டாலர் விலையில் பிரவுனியும் வந்தபின் நிலை மாறியது. யாருடைய ஆணையும் இன்றி, விருப்பத்துக்காக மட்டும் படமெடுப்பவர் என்றொரு மனிதர் உருவானார். அவருக்குக் கோபுரம்தான் வேண்டும் என்பதில்லை; கொல்லைப்புறத்துத் துணிக்கொடியும் போதும்.

கொல்லைப்புறத்தைக் கூர்ந்து நோக்கிய சென்னைக்காரர் என்றதும் மா. கிருஷ்ணன் (1912-1996) நினைவுக்கு வருகிறார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் இளைய மகன், மயிலாப்பூர்வாசி. வெவ்வேறு கருவிகளின் பகுதிகளை ஒன்றாக்கித் தாமே சமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்கு ‘சூப்பர்பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த காட்டு யானைகளின் படங்களே பெரும்பெயர் பெற்றவை. ஆயினும் 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அவர் எழுதிவந்த பத்தியில், காகமும் அணிலும் பல்லியும் யானைக்குரிய அதே மரியாதையைப் பெற்றன. அரிதாக இருப்பதே அழகு என்பதை அவர் ஏற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலில் அவருடைய தமிழ்க் கட்டுரைகளை வாசித்தவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள்.

மீண்டும் என் படத்துக்கு வருகிறேன். நான் அதை எடுத்தபோது கொட்டிவாக்கம் சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்தது. 2011இல்தான் அதனுள் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து போயிற்று. நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. முன்பே குறையத் தொடங்கியிருந்த கட்டுமரங்கள், அதன்பின் இக்கரைகளில் வேகமாக அருகின. இதில் குறை காண நான் யார்? விரைவாகச் சென்று விரைவாகத் திரும்பும் படகு மீனவருக்கு வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் அவிழ்க்கப்பட்டு, உலர்ந்து, மறுநாள் மீண்டும் கட்டப்பட்ட அம்மரங்களை, அவை நாள்தோறும் கண்ணில் பட்டன என்ற காரணத்தாலேயே நம்மில் எத்தனை பேர் படமெடுக்காமல் விட்டோம்?

கோயில்களுக்கு ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. உலரும் கயிற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. வழியில் நின்று பார்த்தவனின் படம் மட்டுமே அதற்குச் சாட்சி. இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, சுருள் தீருமோ என்ற கவலையும் இல்லை. திருமணப் படங்களை எப்படியும் எடுத்துவிடுவோம். அவற்றோடு, நாளை காலை வாசலில் போடப்படும் கோலத்தையும், கோலமிடும் கையையும் ஒருமுறை எடுத்து வைக்கலாம்.

அந்த ஆறில் ஒரு படத்தைச் சட்டமிட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். காகம் மட்டும் சற்றுக் கலங்கியிருக்கிறது, அசைந்துவிட்டது போலும்.