குரோமோசோம் இரட்டிப்பு

செடியின் செல்லில் உள்ள குரோமோசோம்களை ஆய்வகத்தில் இரு மடங்காக்கிப் புதிய பயிர் வகைகளை உருவாக்கும் முறை. இயற்கையிலும் இது நடப்பதுண்டு. ரொட்டிக் கோதுமை அப்படி உருவானதுதான்.

இதன் வரலாறு பெரிதும் ஊமத்தையைச் சுற்றியே நடந்தது. அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ குழுவினர் 1922இல், வழக்கமான 24 குரோமோசோம்களில் பாதியே கொண்ட ஒருமடிய ஊமத்தையை விவரித்தனர். இரட்டிப்பதற்கு அப்போது நம்பகமான வழி இல்லை. 1932இல் ராண்டால்ஃப் என்ற ஆய்வாளர் மக்காச்சோளத்துக்குச் சூடு காட்டி ஓரளவு வெற்றி கண்டார். 1937இல் பிளேக்ஸ்லீயும் ஏவரி என்ற ஆய்வாளரும் கோல்ச்சிசினைக் கொண்டு ஊமத்தையை நான்கு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட நான்மடியமாக்கிய பிறகே இம்முறை பரவலாயிற்று. ஐரோப்பியக் கோல்ச்சிகம் செடியிலிருந்து எடுத்த மூட்டுவாத மருந்து அது. தமிழ்நாட்டில் விதைக்காகப் பயிரிடப்படும் செங்காந்தளிலும் அதே பொருள் உண்டு.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகளைக் கோல்ச்சிசின் உருவாகவிடாது. இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடும். நாற்றின் நுனிக்குருத்தில் கரைசல் தோய்த்த பஞ்சை வைப்பது பழைய முறை. ஒரே செடியில் ஒரு கிளை மாறி இன்னொன்று மாறாமல் நிற்பதே இதில் பெரிய தொல்லை. இரட்டிப்பு நடந்ததா என்று அறிய, இலைத்துளையின் காப்பு செல்கள் பெருத்திருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு வேர்நுனியில் குரோமோசோம்களை எண்ணுவார்கள்.

ராட்சதப் பயிர்கள் விளையும் என்ற ஆரம்ப கால ஆசை பெரும்பாலும் பொய்த்தது. இலை தடித்தது, பூ பெருத்தது, விதை குறைந்தது. அந்தக் குறையையே ஆதாயமாக்கியவர் ஜப்பானின் ஹிதோஷி கிஹாரா. இரட்டித்துப் பெற்ற 44 குரோமோசோம் தர்பூசணியை வழக்கமான 22 குரோமோசோம் வகையுடன் கலந்து, 33 கொண்ட விதையில்லாப் பழத்தை உருவாக்கினார்.

அடுத்த திருப்பமும் ஊமத்தையில்தான். 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்ப்பு ஊடகத்தில் வைத்தபோது கருக்கள் முளைத்தன. அவை மகரந்தத்திலிருந்து வந்த ஒருமடியங்கள் எனப் பின்னர் உறுதியானது. அத்தகைய செடியை இரட்டித்தால் எல்லா மரபணு இணைகளும் ஒன்றுபோலாகும். ஆறேழு தலைமுறை தற்சேர்க்கை செய்து பெறும் தூய வழி ஒரே படியில் கிடைத்துவிடும். இரட்டிப்பின் உண்மையான பயன் இதுவே எனலாம். 1970இல் காஷா, காவோ என்ற ஆய்வாளர்கள் வேறொரு வழியில், பார்லியை அதன் காட்டு உறவினம் ஒன்றுடன் கலந்து ஒருமடியம் பெற்றனர். காட்டினத்தின் குரோமோசோம்கள் கருவிலேயே உதிர்ந்துவிட்டன.

நெல்லில் ஜப்பானிகா வகைகள் மகரந்தப்பை வளர்ப்புக்கு ஓரளவு இணங்குகின்றன. இண்டிகா இன்னும் முரண்டு பிடிக்கிறது; முளைப்பவற்றில் பல, பச்சையமே இல்லாத வெள்ளை நாற்றுகள்.