சுவாமியார் இல்லாத முப்பது ஆண்டுகள்

கத்தோலிக்கக் குரு ஒருவருக்குத் தங்க இடம் கொடுத்தால் மரணதண்டனை. 1658 செப்டெம்பரில் இலங்கையின் ஒல்லாந்த அரசு பிறப்பித்த கட்டளையின் சாரம் இது. அவ்வாண்டு பெப்ரவரியில் மன்னார்க் கோட்டையும் ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு மாறியிருந்தன. போர்த்துக்கேயக் குருமார் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்ற தமிழ்க் கத்தோலிக்கர் மட்டும், கரையோரக் குடியிருப்புகளிலும் பனங்காணிகளுக்கு நடுவிலும், மேய்ப்பர் இன்றி எஞ்சி நின்றனர்.

இந்தக் கடுமைக்கு மத வெறுப்பை விட அச்சமே பெரிய காரணம். யாழ்ப்பாணக் கோட்டை வீழ்ந்த சில மாதங்களிலேயே, ஒல்லாந்த அதிகாரிகளைக் கொன்று கோட்டையை மீட்க வகுத்த சதி ஒன்று அம்பலமானது. அதில் தொடர்புடையவர் என்று இயேசு சபைக் குரு ஒருவரும் கொல்லப்பட்டார். அன்றிலிருந்து கம்பனிக்குக் கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கேயனின் ஆள். செபமாலை வைத்திருப்பவன் நாளை கோட்டைக் கதவைத் திறந்துவிடக் கூடியவன். இந்தச் சந்தேகத்தின் விலையை நூற்றைம்பது ஆண்டுக்காலம் கொடுத்தவர்கள், கோட்டையை எட்டியும் பாராத மீனவரும் கமக்காரரும்.

கோயில்களை இடிக்க வேண்டிய தேவை ஒல்லாந்தருக்கு இருக்கவில்லை. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பருத்தித்துறை என்று ஊருக்கு ஊர் இருந்த போர்த்துக்கேயக் கோயில்களிலிருந்து சுரூபங்களை அகற்றிவிட்டு, அங்கேயே தங்கள் சீர்திருத்தச் சபையின் ஆராதனையையும் பள்ளிக்கூடத்தையும் தொடங்கினார்கள். அந்தப் பணியின் தலைவர் பிலிப்பஸ் பால்டேயஸ். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய நூலில் இந்தக் கோயில்களின் செதுக்குப் படங்களைப் பார்க்கலாம். பால்டேயஸ் சாதாரண ஆள் அல்லர். தமிழ் கற்றவர், மத்தேயு சுவிசேஷத்தைத் தமிழாக்க முயன்றவர். ஆனால் அவர் கட்டியெழுப்பிய சபைக்கு ஆட்களைச் சேர்த்தது பிரசங்கம் மட்டுமல்ல, தோம்பும்தான்.

பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில்தான் ஞானஸ்நானமும் கலியாணமும் பதியப்பட்டன. பள்ளிக்கு வராத பிள்ளைக்காகத் தகப்பன் தண்டப்பணம் கட்ட வேண்டும். ஒல்லாந்தச் சபையில் பதியாத கலியாணம் சட்டத்தின் முன் கலியாணம் அல்ல. அதில் பிறந்த பிள்ளைக்கு முதுசொத்தில் உரிமை கோருவது கடினம். முதலியார் பதவியோ கம்பனி உத்தியோகமோ வேண்டுமானால் சபை அங்கத்துவம் இன்றியமையாதது. மரணதண்டனை குருவுக்குப் புகலிடம் தருபவருக்கு மட்டும்தான். மற்றவர்களை அரசு வாளால் தொடவில்லை. காணி உறுதியாலும் பிள்ளைகளின் எதிர்காலத்தாலும் தொட்டது. கொலைவாளுக்கு முன் ஒருநாள் துணிந்து நிற்பதை விட, ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பின்போதும் இப்படியொரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது கொடிது.

பெரும்பாலானோர் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தார்கள். ஞாயிறு காலையில் ஒல்லாந்தரின் ஆராதனைக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, இரவில் கதவைச் சாத்திச் செபமாலை சொன்னார்கள். அவர்களைக் கோழைகள் என்று இன்று சொல்லிவிடுவது எளிது. அடுத்த தலைமுறைக்கு விசுவாசத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் அவர்களேதான் என்பதை மறந்துவிட்டால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

குரு இல்லாமல் ஒரு கத்தோலிக்கச் சமூகம் எதையெல்லாம் காப்பாற்ற முடியும்? பூசை முடியாது. பாவசங்கீர்த்தனம் முடியாது. நற்கருணை முடியாது. ஆனால் ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம்; அதற்குத் தண்ணீரும் சில சொற்களும் போதும். செபமாலைக்கு விரல்களே போதும். மரணப் படுக்கையில் கிடப்பவருக்காகச் செபிக்க எழுத்தறிவு கூடத் தேவையில்லை. ஊர்க் கோயிலில் செபம் சொல்லிக்கொடுத்த அண்ணாவியார், கோயில் காரியம் பார்த்த மூப்பர், பூசைக்கு ஆயத்தம் செய்த சங்கிலித்தாம் போன்றவர்கள் முன்பு குருவின் கீழ் செய்துவந்த வேலைகள்தான் இவை. பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கியது தாயும் பேத்தியாரும். திருச்சபையின் வரலாறு என்றால் ஆயர்களின் வரலாறு என்று எழுதிப் பழகிவிட்டோம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது வீட்டுப் பெண்களின் வரலாறாகத்தான் இருந்தது. அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்த மண்ணுக்கு மதத்தின் பெயரால் வந்த துன்பம் ஒல்லாந்தரோடு தொடங்கவும் இல்லை. 1544இல் மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்றான். யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் போர்த்துக்கேயரின் பிலிப்பே டி ஒலிவேரா 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். விரத நாளில் வாழையிலையில் உண்டுவிட்டு அந்த இலையைக் கூரை இறவாணத்தில் ஒளித்து வைத்த சைவர்களைப் பற்றி யாழ்ப்பாண மரபு இன்றும் பேசுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் சைவரும் கத்தோலிக்கரும் ஒரே தோம்பில் பெயர் கொடுத்து, அடுத்தடுத்த வளவுகளில் வெவ்வேறு செபங்களை ஒளித்துச் சொன்னார்கள். ஒரு கத்தோலிக்கரின் துன்பத்தை எழுதும்போது அயல் வீட்டுக்காரரின் துன்பத்தை மறைப்பது நியாயமாகாது.

1687இல் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்ட ஒரு வள்ளம், கடற்கொந்தளிப்பில் அலைந்து, கூலிக்காரர் கோலத்தில் இருவரை இலங்கைக் கரையில் சேர்த்தது. ஒருவர் யோசே வாஸ். கோவாவின் பெனாவ்லிமில் 1651இல் பிறந்தவர், கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தினர், 1676இல் குருவானவர். இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதைக் கேள்விப்பட்டு, தூத்துக்குடியில் தங்கித் தமிழ் பழகிக்கொண்டு வந்திருந்தார். மற்றவர் அவருடைய உதவியாள் ஜான்.

வாஸ் அடிகளாரைக் காப்பாற்றியது அவர் தோல் நிறம். ஐரோப்பியக் குரு ஒருவர் யாழ்ப்பாணத் துறையில் இறங்கியிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருப்பார். கோவாக்காரர் ஒருவர் இடுப்பில் துண்டும் கையில் சட்டியுமாக நடந்தால் எந்த ஒல்லாந்தக் காவலாளியும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. பின்னாளில் அவரைத் தொடர்ந்து வந்த கோவா ஒரட்டோரியன் சபைக் குருமார் எல்லோருக்கும் இதே பாதுகாப்பு வாய்த்தது. ஐரோப்பிய மிஷன்கள் ஆசியாவில் கால் ஊன்றியிருந்த காலத்தில், ஒரு நாட்டின் திருச்சபை முழுவதையும் இந்தியக் குருமாரே தூக்கி நிறுத்திய இந்த வரலாறு தமிழில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

வந்திறங்கிய கையோடு அவரை வயிற்றுக்கடுப்பு வாட்டியது. இருவரும் ஒதுக்குப்புறமாகக் கிடந்தபோது ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவருடைய பழைய வரலாறுகள் சொல்கின்றன. எழுந்து நடக்க முடிந்ததும் அடிகளார் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கப் போனார். மாலையைக் கண்டதும் முகம் மாறுகிற வீடு எது என்று கவனித்தார். ‘நான் குரு’ என்று அவர் சொல்லவில்லை. நெடுநேரம் நோட்டம் விட்டு, நம்பலாம் என்று தெரிந்த பிறகுதான் தம்மை வெளிப்படுத்தினார். அந்த மாலையை அடையாளம் கண்ட கண்கள் இருந்தன என்பதே முப்பது ஆண்டுகளாக வீடுகளுக்குள் நடந்த வேலையின் பலன். வாஸ் அடிகளார் புதிதாக ஒரு திருச்சபையை உண்டாக்கவில்லை. இருந்ததைத் தேடிக் கண்டுபிடித்தார்.

யாழ்ப்பாண நகரத்தில் ஆபத்து அதிகம் என்பதால் வடமேற்கே சில்லாலை ஊருக்கு அவரை அழைத்துப் போனார்கள். ஊரே கத்தோலிக்க ஊர். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடாத ஊர். இரண்டாண்டுகளுக்கு மேல் அது அவருடைய தளமாக இருந்தது. இரவில் பூசை, விடிவதற்குள் வேறு வீடு. ஞானஸ்நானம் மட்டும் பெற்று, பூசை என்றால் என்னவென்று கண்டிராமலே வளர்ந்து தாய் தகப்பனாகிவிட்டவர்கள் முதல் முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கினார்கள்.

செய்தி கசியாமல் இருக்குமா? ஒரு நத்தார் இரவில், குருவை எதிர்பார்த்து மக்கள் கூடியிருந்த வீடுகளுக்குள் ஒல்லாந்தச் சிப்பாய்கள் புகுந்தார்கள். சுரூபங்கள் உடைக்கப்பட்டன. கைதானவர்கள் கசையடி பட்டார்கள். ஒருவர் அந்த அடியிலேயே உயிர் விட்டார். சிலர் கோட்டைக்குள் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் எவரும் குருவின் இருப்பிடத்தைச் சொல்லவில்லை. வாஸ் அடிகளார் ஒல்லாந்தர் கையில் பிடிபடவே இல்லை.

அடுத்து அவர் போனது கண்டி அரசனின் எல்லைக்குள் இருந்த புத்தளத்துக்கு. 1692இல் கண்டி மாநகருக்குள் காலடி வைத்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர் குற்றஞ்சாட்டச் சிறைப்பட்டார். சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். சிறை வளவிலேயே ஓலைக் குடில் போட்டுப் பூசை வைத்தார். பின்னர் விடுதலை செய்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன், நாடெங்கும் நடமாடவும் அனுமதி கொடுத்தான். 1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கி, பெற்றவர்களே பிள்ளைகளைக் காட்டோரம் விட்டு ஓடிய நாட்களில், வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகன் முறையான யோசே கர்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்டவர்களைத் தூக்கி வந்து கழுவி, சோறூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். இயேசுவின் பெயரைச் சொல்லும் ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கருக்கு இலங்கையில் நிழல் கொடுத்தது பௌத்த அரசன் ஒருவனின் நாடு. மத நல்லிணக்கம் பற்றிய எத்தனையோ மேடைப் பேச்சுகளை விட இந்த ஒரு வரலாற்றுண்மை கனமானது.

வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறந்தார். அவருக்குப் பின்னும் தடை நீங்கவில்லை. 18ஆம் நூற்றாண்டிலும் கட்டளைகள் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் அதற்குள் இன்னொரு ஆயுதம் கிடைத்துவிட்டது. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். குரு எட்டிப் பார்க்க முடியாத ஊரில், ஏட்டுப்படி ஒன்றை விரித்து எழுத்தறிந்த ஒருவர் வாசித்தால் தவக்காலம் நடக்கும். கொன்சால்வஸ் அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ இந்தத் தேவைக்குப் பொருந்தி வந்த நூல்: பாடுகளின் வரலாற்றை, கேட்பவர் நெஞ்சு கரைய, பலர் கூடி இருந்து வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டது. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் தவக்காலத்தில் அதை இராகமிட்டு வாசிக்கும் வழக்கம் பல தலைமுறைகள் தொடர்ந்தது.

வாஸ் அடிகளார் வருவதற்கு முன்பே, சிலர் ஒளிவதற்குப் பதில் ஊரை விட்டே போனார்கள். 1670ஐ ஒட்டி மாந்தையைச் சேர்ந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கோயிலின் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் நடந்தன என்கிறது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். மருதமடு அப்படித்தான் ஊரானது. யானையும் பாம்பும் காய்ச்சலும் உள்ள காட்டில், ஒல்லாந்தர் வரத் தயங்குகிற தொலைவில், அவர்கள் ஓலைக் கோயில் கட்டினார்கள். மடுவின் செம்மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் உண்டு. மாதாவின் சுரூபத்துக்குப் பாப்பரசரின் பெயரால் முடிசூட்டியது 1924இல். ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதாரும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

புகலிடம் தேடியவர்கள் உண்டாக்கிய இடம் மீண்டும் புகலிடமானது. 1990இலிருந்து உள்நாட்டுப் போரில் வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் மடுக் கோயிலைச் சுற்றிக் கொட்டில் போட்டு ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். 1999 நவம்பரில் கோயில் வளவில் விழுந்த எறிகணைகளால், அடைக்கலம் தேடி வந்திருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2008 ஏப்ரலில் போர்முனை கோயிலை நெருங்கியபோது, மன்னார் மறைமாவட்டக் குருமார் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆவணித் திருவிழா மாதத்தில் அது திரும்பி வந்தது. 2015 ஜனவரி 14ஆம் நாள் காலையில் கொழும்புக் காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாரைப் புனிதர் என்று அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து, போரில் உறவுகளை இழந்தவர்களோடு செபித்தார்.

ஒல்லாந்தரின் சபை என்ன ஆனது? 1795–96இல் பிரித்தானியர் வந்ததும் உத்தியோகத்துக்குச் சபை அங்கத்துவம் தேவையற்றுப் போனது. தோம்பில் இருந்த பெயர்கள் கோயிலில் இல்லை. சில ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணம் வந்த ஸ்கொத்லாந்துப் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன், பால்டேயஸ் பணிபுரிந்த யாழ்ப்பாண நகரில் புரட்டஸ்தாந்தப் போதகர் என்று ஒரே ஒருவரைத்தான் கண்டார்: தரங்கம்பாடி மிஷன் அனுப்பிய தஞ்சைத் தமிழர் கிறிஸ்தியான் தாவீது. பழைய கோயில்கள் பல பாழடைந்து கிடந்தன; குடாநாடு கோவாக் குருமாரின் கையில் இருந்தது.

தடைச் சட்டங்களை ஆளுநர் தோமஸ் மெயிட்லன்ட் 1806இல் நீக்கினார். கத்தோலிக்கர் எங்கும் தடையின்றி வழிபடலாம், உத்தியோகம் வகிக்கலாம் என்றது புதிய ஒழுங்குவிதி. 1795 ஆகஸ்ட் 26க்குப் பின் கத்தோலிக்க முறைப்படி நடந்த கலியாணங்கள் அனைத்தும் சட்டப்படி செல்லும் என்றும் அது அறிவித்தது. ஓர் ஒல்லாந்தப் போதகரின் முன் நிற்காமல் கைப்பிடித்த கணவனும் மனைவியும், பதினொரு ஆண்டுக் குடித்தனத்துக்குப் பிறகு, தங்கள் பிள்ளைகளின் பெயரில் காணி எழுத முடிந்தது.