பொற்கையும் தொழிற்கையும்

நீதி தவறலாகாது என்று தன் கையைத் தானே துணித்துக்கொண்ட பாண்டியனைச் சிலப்பதிகாரம் போற்றுகிறது; பொற்கைப் பாண்டியன் என்பது அவனுக்கு வழங்கும் பெயர். அரசனுக்குப் பொன்னாலான கை போதும். எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கோ பற்றவும் திருகவும் சூடு உணரவும் வல்ல தசைக்கையே வேண்டும். அத்தகைய கையை மீட்டுத் தரும் மருத்துவம் சென்னையில் வேரூன்றிய வரலாற்றை இங்குச் சுருங்கக் காண்போம்.

ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த மேற்குப் புறநகரில் 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தன. இவற்றைச் சார்ந்து சிறு பட்டறைகள் பெருகின. தகட்டை அச்சில் இட்டு அழுத்தி உருவாக்கும் 'பவர் பிரஸ்' அப்பட்டறைகளில் பரவலாக இயங்கும் எந்திரம். தகட்டை வைக்கும் கை வெளிவருமுன் அச்சு இறங்கினால் விரல் நசுங்கும். இரு கைகளாலும் பொத்தான்களை அழுத்தினால்தான் இயங்கும் என்னும் அமைப்பு இதனைத் தடுக்க வல்லது. எண்ணிக்கை கூடவேண்டும் என்னும் அவசரத்தில் அவ்வமைப்பை முடக்கிவிடும் இடங்களில் விரல்களே விலையாகின்றன.

சட்டமும் விரலுக்கு ஒரு கணக்கு வைத்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின், பின்னாளில் திருத்தப்பட்ட அட்டவணையில், கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாத்தியத் திறன் இழப்பு 30 விழுக்காடு. சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனித்தனியே 7. 1948-இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் 1955-இல் தமிழகத்தை எட்டியது. சிகிச்சைக்கும் உதவித்தொகைக்கும் வழி பிறந்தது. ஆயினும் சிதைந்த கையை மீண்டும் தொழில் செய்யும் கையாக்குவது யார் என்னும் வினா நின்றது.

அவ்வினாவிற்கு விடை கண்ட இடம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று மக்கள் வழங்கிய அதே மருத்துவமனைதான். அங்கு 1971-இல் மருத்துவர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1963-இல், ஷாங்காயில் ஆலை எந்திரத்தில் துண்டான ஒரு தொழிலாளியின் கையைச் சென் சோங்வெய் குழுவினர் மீண்டும் பொருத்தியிருந்தனர். 1965-இல் ஜப்பானில் கட்டைவிரல் ஒன்று பொருத்தப்பட்டது.

வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்ட முறை நம் கவனத்துக்குரியது. நுனி சாய்வாக வெட்டுண்ட விரலில், அவ்விரலின் தோலையே முக்கோணமாக, நரம்பும் இரத்தக்குழாயும் அறாதபடி முன்னே நகர்த்தி மூடினர். இதனால் விரலின் நீளமும் தொடுவுணர்வும் காக்கப்பட்டன. தொடுவுணர்வற்ற விரல் தொழிலுக்கு உதவாது என்பதை அறிந்த முறை இது. கோவை கங்கா மருத்துவமனையின் ராஜ சபாபதி போன்றோரும் ஸ்டான்லியில் பயின்றவர்களே. 2018-இல், மின்விபத்தில் இரு கைகளையும் இழந்த கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இதே மருத்துவமனை இரு கைகளையும் மாற்றிப் பொருத்தியது.

வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. துண்டான விரலை நேரே பனிக்கட்டியில் இடலாகாது. ஈரமான தூய துணியில் சுற்றி, நீர்புகாப் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். தசை மிகுந்த முழுக்கைக்கு ஏறத்தாழ 6 மணி நேரமே அவகாசம்.

அட்டவணையில் 7 விழுக்காடாகத் தோன்றும் சுண்டுவிரல், சுத்தியலை இறுகப் பற்றும் கைக்குப் பெருந்துணை. அதனை மீட்கும் மருத்துவரைப் போற்றும் நாம், அது நசுங்காமல் தடுக்கும் இரட்டைப் பொத்தானையும் பட்டறைதோறும் கேட்டுப் பெறவேண்டும்.