பெட்டகத்தில் உறங்கிய வௌவால்

சாலிம் அலீ என்றதும் பறவைகளே நம் நினைவுக்கு வரும். 1896-இல் பம்பாயில் பிறந்து 1987 வரை வாழ்ந்த அப்பெருமகனாரின் பெயரை வௌவால் ஒன்றும் தாங்கி நிற்கிறது. அது நம் மேகமலைக் காட்டின் வௌவால். அப்பெயரைச் சூட்டியவரோ தாய்லாந்து நாட்டு விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா.

1928-இல் பிறந்த கிட்டி, தாய்லாந்தின் தேசிய விலங்கு மாதிரிச் சேகரிப்பில் பணியாற்றியவர். அருங்காட்சியகப் பணி என்றால் பதப்படுத்திய உடல்களைக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி வைப்பது என்று எண்ணுவோர் உளர். பார்வையாளர் காணாத அறைகளில் எலும்பை அளந்தும் பல்லை எண்ணியும் நடைபெறும் பணியே அதன் உயிர்நாடி என்பதற்குக் கிட்டியின் வாழ்வு சான்று.

1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கையார்வலர், அன்றைய மதுரை மாவட்டத்து மேகமலையில் பழந்தின்னி வௌவால் ஒன்றைச் சேகரித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சென்றடைந்தது. ஆங்கே அதனைக் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் எனக் குறித்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டனர். தென்னகத்தில் எங்கும் காணப்படும் எளிய இனம் அது. எனவே எவரும் ஐயுறவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அத்தவறான பெயர்ச்சீட்டே நிலைத்தது.

அம்மாதிரியைக் கிட்டி கூர்ந்து நோக்கினார். குட்டைமூக்கு வௌவாலுக்குச் சிறு வால் உண்டு. இதற்கு வாலே இல்லை. அதற்கு ஒவ்வொரு தாடையிலும் வெட்டுப்பற்கள் இரு இணை. இதற்கு ஓரிணை மட்டுமே. இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே எனத் தெளிந்து 1972-இல் அக்கழகத்தின் இதழிலேயே அறிவித்தார். 'அகன்ற பல்' எனப் பொருள்படும் லாட்டிடென்ஸ் என்பது பேரினப் பெயர்; சாலிம் அலீயின் பெயர் இனப்பெயராயிற்று. புதிய காடு எதனையும் தேடிச் செல்லாமல், பிறர் பார்த்து முடித்ததை மீண்டும் பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு இது.

களப்பணியிலும் அவர் பின்தங்கியவரல்லர். 1968-இல் போரபெட் ஏரியில் வெள்ளைக்கண் ஆற்றுத்தகைவிலானை அறிவியலுலகுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னர்க் காஞ்சனபுரி மாகாணத்துக் குகைகளில், இரண்டு கிராம் அளவே எடையுள்ள மிகச் சிறு வௌவாலைக் கண்டார். அதற்குப் பெயரிட அவருக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை. 1974 பிப்ரவரியில் திடீரென மறைந்தார், அகவை நாற்பத்தைந்து. அவருடன் இணைந்து ஆய்ந்த லண்டன் அருங்காட்சியக அறிஞர் ஜான் எட்வர்ட்ஸ் ஹில், அவ்வாண்டே அவ்வுயிருக்குத் தனிக் குடும்பம் வகுத்துத் தொங்லொங்யாயி எனப் பெயரிட்டார். பிறர் பெயரைப் போற்றியவரின் பெயரைப் போற்ற ஒரு நண்பர் இருந்தார்.

மேகமலை வௌவாலுக்கோ 1993 வரை அந்த ஒற்றை மாதிரியே சான்றாக இருந்தது. அவ்வாண்டு ஆய்வாளர்கள் அதே மலையில் அதனை உயிருடன் கண்டனர். பின்னர்க் களக்காடு–முண்டந்துறைப் பகுதியிலும் அது வாழ்வது தெரியவந்தது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இடம்பெற்றது.